நாற்பது கரிக்கட்டை, எண்பத்தெட்டுச் சில்லு: 1898 ஸ்பானிய–அமெரிக்கப் போர் போர்டு கேம் விமர்சனம்

பெட்டியைத் திறந்து ஐந்து நிமிடத்தில் விரல் கறுத்துவிடும். நிலக்கரியைக் குறிக்க 40 மரக்கட்டைகள் கொடுத்திருக்கிறார்கள், ஒவ்வொன்றும் 8 மி.மீ. கனசதுரம். சாயம் காய்வதற்குள் பாக்கெட்டில் போட்டு ஒட்டிவிட்டார்கள் போல. துடைக்காமல் எடுத்து வைத்தால் மேப்பில் கரீபியன் கடல் முழுக்க ரேகை பதியும். பழைய வேட்டித்துணியில் கொட்டி நன்றாகப் புரட்டி, ஒரு நாள் நிழலில் காயவிட்டுப் பிறகு ஆடுங்கள். இவ்வளவு சொன்னாலும், கொடுத்த காசில் பாதி அந்தக் கறுப்புக் கட்டைகளுக்கே தகும். கடற்போரில் பீரங்கியை விட்டுக் கரியை எண்ணச் சொல்கிற விளையாட்டு எளிதில் கிடைப்பதில்லை.

ஆடுபவர் இருவர். ஒருவர் அமெரிக்கா, ஒருவர் ஸ்பெயின். சுற்றுக்கு இரண்டு வாரம் என்று எட்டுச் சுற்று. 1898 ஏப்ரல் 21இல் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. பெட்டிக்குள் ஏ2 அளவு மேப் இரண்டு (ஸ்பெயின் ஆண்ட கியூபா இருக்கும் கரீபியன் ஒன்று, ஸ்பெயினே ஆண்ட பிலிப்பைன்ஸின் மணிலா விரிகுடா ஒன்று), கப்பலையும் படையையும் குறிக்கும் 88 சில்லு, 54 சீட்டு, ஆறு டைஸ், 28 பக்க விதிப்புத்தகம். விதிப்புத்தகம் தமிழிலும் உண்டு. வாங்கும்போது கேட்டு வாங்க வேண்டும், இல்லையென்றால் ஆங்கிலப் பிரதிதான் வரும். பெங்களூரிலேயே சின்ன அளவில் அச்சடித்து, இந்திராநகர் நூறடி ரோட்டுப் பக்கம் உள்ள ஒரு போர்டு கேம் கஃபேயில் கைக்குக் கை விற்கிறார்கள். இரண்டாம் அச்சுக்குத் திருத்தம் கேட்டுக்கொண்டிருப்பதால் தயாரித்தவர் பெயர் இங்கே வேண்டாம். ஹலசூர் ஏரிப் பக்கம் ஞாயிற்றுக்கிழமை கூடும் தமிழ்க் குழு ஆறு ஆட்டம் முடித்த பிறகு எழுதுவது இது. நான்கில் அமெரிக்கா ஜெயித்தது, ஒன்றில் ஸ்பெயின், ஒன்று டிரா.

முதலில் முன்கதைச் சுற்று. 12 சீட்டுகளை ஆண்டு வரிசையில் கவிழ்த்து வைத்து, ஸ்பெயின்காரர் ஒன்றொன்றாகத் திருப்பி ‘விட்டுக்கொடு’ அல்லது ‘இறுக்கிப்பிடி’ என்று முடிவு சொல்ல வேண்டும். முதல் சீட்டு பீரங்கியோ கொடியோ அல்ல, சர்க்கரை. இதற்கே ஒரு சபாஷ். கியூபாவின் சர்க்கரைக்குப் பெரிய சந்தை அமெரிக்கா. 1894இல் வாஷிங்டன் அதன் மேல் மறுபடி வரி போட்டது. கரும்புத் தோட்டங்களில் வேலை போனது. 1895 பிப்ரவரி 24இல் கிளர்ச்சி வெடித்தது. 1868 முதல் பத்தாண்டு நடந்து தோற்ற கிளர்ச்சியின் தலைவர்கள் உயிரோடுதான் இருந்தார்கள், அனுபவமும் கையில் இருந்தது. மூன்றாம் சீட்டு வெய்லர். 1896இல் வந்த இந்த ஸ்பானியத் தளபதி கிராமத்து மக்களைப் பட்டாள வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார். சோறு போடுவதற்கு ஏற்பாடு இல்லை. பட்டினியிலும் நோயிலும் லட்சத்துக்கு மேல் செத்தார்கள். இந்தச் சீட்டில் ‘இறுக்கிப்பிடி’ என்றால் கியூபாக் கிளர்ச்சி இரண்டு புள்ளி குறையும், அமெரிக்கக் கோபம் மூன்று புள்ளி ஏறும். கணக்கு சரியாக வைத்திருக்கிறார்கள்.

சரியாக இல்லாதது பத்திரிகைச் சீட்டு. 12இல் நான்கு அதற்கே. நியூயார்க் பத்திரிகை முதலாளிகள் ஹர்ஸ்டும் புலிட்ஸரும் போட்டி போட்டுக் கத்தியது உண்மை. ஆனால் நியூயார்க் பத்திரிகை கத்தியதால் மட்டும் போர் வந்தது என்பது சோம்பேறிக் கணக்கு. போர் வேண்டாம் என்றிருந்த வியாபாரிகளைத் திருப்பியது வெர்மான்ட் செனட்டர் பிராக்டர் 1898 மார்ச் 17இல் சபையில் பேசிய பேச்சு. கியூபாவுக்கு நேரில் போய் வந்து, குரலை உயர்த்தாமல், முகாமில் பார்த்ததைச் சொன்னார். அவருக்கு ஒரு சீட்டுகூட இல்லை. இரண்டு பத்திரிகைச் சீட்டை எடுத்துவிட்டு, வெற்றுச் சீட்டில் ‘பிராக்டர் பேச்சு: கோபம் +2, வியாபாரி எதிர்ப்பு நீங்கும்’ என்று எழுதிச் சேர்த்தால் சுற்று நேராகிவிடுகிறது.

மெய்ன் கப்பல் சீட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1898 பிப்ரவரி 15 இரவு கியூபாத் தலைநகர் ஹவானாவின் துறைமுகத்தில் வெடித்து 260 பேருக்கு மேல் செத்த அமெரிக்கப் போர்க்கப்பல். சீட்டின் ஒரு முகத்தில் ‘வெளியே கண்ணிவெடி’, மறுமுகத்தில் ‘உள்ளே கரியறைத் தீ’. எது மேலே வந்தாலும் புள்ளி ஒன்றே. நல்ல யோசனை. அன்றைய அமெரிக்கக் கடற்படை விசாரணை கண்ணிவெடி என்றது. 1976இல் அட்மிரல் ரிக்கோவர் நடத்திய ஆய்வு, கரியறையில் தானாகப் பற்றிய தீ பக்கத்து வெடிமருந்தறைக்குப் பரவியிருக்க வேண்டும் என்றது. ஈர வைக்கோற்போர் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் புகைவதைக் கண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த வகைக் கரியும் அப்படித்தான். ஆனால் விதிப்புத்தகம் 5ஆம் பக்கத்தில் ‘ஸ்பெயின் வைத்த வெடியால்’ என்று ஒரு வரி இருக்கிறது. சீட்டைத் தயாரித்தவரும் புத்தகத்தை எழுதியவரும் பேசிக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அந்த வரியை அடித்துவிடுங்கள்.

முன்கதையில் ஸ்பெயின்காரர் எல்லாச் சீட்டிலும் விட்டுக்கொடுத்தாலும் போர் வந்தே தீருகிறது, அப்புறம் எதற்கு இந்தச் சுற்று என்று புதிதாக ஆடுபவர்கள் சலித்துக்கொள்கிறார்கள். வரலாறும் அப்படித்தான். வெய்லரை 1897லேயே திரும்ப அழைத்தார்கள். 1898 ஜனவரியில் கியூபாவுக்குத் தன்னாட்சி கொடுத்தார்கள். ஏப்ரல் 9இல் சண்டை நிறுத்தமும் அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்து அமெரிக்க ஜனாதிபதி மக்கின்லி போருக்கு அனுமதி கேட்டு காங்கிரஸுக்கு எழுதினார். கியூபாவைச் சும்மா விட்டால் சொந்தப் பட்டாளமே கவிழ்த்துவிடும் என்ற பயம் மாட்ரிட்டுக்கு. போரில் தோற்றால் பதவியாவது மிஞ்சும் என்ற கணக்கு. விட்டுக்கொடுப்பதால் விளையாட்டில் கிடைக்கும் லாபம், பின்னால் இங்கிலாந்து, பிரான்ஸ் துறைமுகங்களில் கரி கேட்கும்போது டைஸில் கூடுதல் ஒன்று. அதற்காகவே விட்டுக்கொடுக்கலாம்.

இனி கரி. ஒரு கடற்கட்டம் நகர ஒரு கட்டை. வேகமாகப் போனால் இரண்டு. கப்பல் துறைமுகத்தில் சும்மா நின்றாலும், கொதிகலன் சூடாக இருந்தால் சுற்றுக்கு ஒரு கட்டை. கடைசி விதியைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள். இரண்டு சுற்று கழித்துக் கணக்கு இடிக்கும். ஸ்பெயினின் அட்மிரல் செர்வெரா ஆப்பிரிக்காவுக்கு மேற்கே உள்ள கேப் வெர்டே தீவுகளிலிருந்து நான்கு குரூஸர், மூன்று டெஸ்ட்ராயருடன் ஒன்பது கட்டையோடு கிளம்புகிறார். அட்லாண்டிக்கைக் கடக்க ஆறு. மார்ட்டினிக்கில் பிரெஞ்சுக்காரர் கரி தரவில்லை; மேப்பிலும் அங்கே பூஜ்யம். அடுத்து டச்சுக்காரரின் குராசோ. அங்கே இரண்டு கப்பலை மட்டும் உள்ளே விட்டு, ஏதோ 600 டன் கொடுத்தார்கள். விளையாட்டில் இரண்டு கட்டை. இப்போது ஹவானா எட்டாது. போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் எட்டும், ஆனால் அமெரிக்கர் முதலில் பார்க்கும் இடம் அது. மிஞ்சுவது கியூபாவின் தென்கிழக்குத் துறைமுகம் சந்தியாகோ. ஆறு ஆட்டத்தில் நான்கில் செர்வெரா மூன்றாம் சுற்றில் தானாகவே சந்தியாகோவில் போய் நின்றார், யாரும் வரலாற்றைப் பார்த்து ஆடவில்லை. உண்மையில் அவர் அங்கே நுழைந்ததும் மே 19, மேப்பின் கணக்கில் அதே மூன்றாம் சுற்று. கட்டை எண்ணிக்கையை வைத்தவர் கெட்டிக்காரர்.

சில்லில் ஒரு பெரிய பிழை. ‘கிறிஸ்டோபல் கொலோன்’ குரூஸருக்குப் பெரிய பீரங்கி மதிப்பு 3 என்று அச்சாகியிருக்கிறது. அந்தக் கப்பலின் 10 அங்குலப் பீரங்கிகள் ஏற்றப்படவே இல்லை. வெறும் கூண்டோடுதான் போருக்குப் போனது. 0 என்று பேனாவால் மாற்றுங்கள். இதை மாற்றாமல் ஆடிய ஆட்டம்தான் ஸ்பெயின் ஜெயித்த ஒரே ஆட்டம். ‘விஸ்காயா’ சில்லில் பாசிக் குறி போட்டு வேகத்தைக் குறைத்திருப்பது சரி. அடிப்பாகம் சுத்தம் செய்யாமல் கிளம்பிய கப்பல் அது.

பசிபிக் பக்கம் அமெரிக்கத் தளபதி டியூயிக்கும் கரிதான் தலைவலி. பக்கத்துச் சொந்தத் துறைமுகம் ஏழாயிரம் மைலுக்கு அப்பால். ஹாங்காங்கில் இருந்தபோதே ‘நான்ஷான்’, ‘ஸஃபீரோ’ என்ற இரண்டு பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களைக் கரியோடு விலைக்கு வாங்கிக்கொண்டார். போர் வந்ததும் நடுநிலை நாடு என்று பிரிட்டன் துறைமுகத்தை விட்டுக் கிளம்பச் சொன்னது. பக்கத்தில் சீனக் கடலில் மிர்ஸ் பே போய் நின்றார். விளையாட்டில் இந்த இரண்டு கரிக்கப்பலும் மூழ்கினால் அமெரிக்கா அந்த மேப்பில் தோற்றது. ஆகவே அவற்றைச் சண்டைக் கட்டத்துக்குள் கொண்டுபோகாதீர்கள். விரிகுடா வாசலில் நிறுத்துங்கள்.

காமராவின் படைக்கு என்று தனி வரிசைக் கட்டம் ஒன்று மேப்பின் ஓரத்தில். ஜூன் 16இல் காதிஸ் விட்டுக் கிளம்பி சூயஸ் வழியே மணிலாவுக்குப் போகப் பார்த்த ஸ்பானியக் கப்பற்படை. விதி 7.3இன்படி போர்ட் சயீதில் டைஸில் 5, 6 விழுந்தால் கரி உண்டு. இது தாராளம். எகிப்து அப்போது பிரிட்டிஷ் கையில். துறைமுகத்தில் கரி ஏற்றவே விடவில்லை. கால்வாய்ச் சுங்கம் கட்டிச் செங்கடல் வரை போய், சந்தியாகோ செய்தி வந்ததும் திரும்பி வந்தார்கள். 6 விழுந்தால் மட்டும் என்று வையுங்கள். எதிர்த்திசையில் அமெரிக்கப் போர்க்கப்பல் ‘ஓரிகன்’ சில்லு மூன்றாம் சுற்றில் ஃபுளோரிடாவில் வருகிறது. சான்பிரான்சிஸ்கோவிலிருந்து தென் அமெரிக்காவின் அடியைச் சுற்றி 66 நாள். பனாமாவில் கால்வாய் வெட்டியே ஆக வேண்டும் என்று அமெரிக்கர் நினைத்ததற்கு இந்த ஒரு பயணமே பெரிய வாதமாயிற்று. அதைச் சொல்ல விதிப்புத்தகத்தில் இடம் இருந்தது, சொல்லவில்லை.

மணிலாச் சண்டை இந்தப் பெட்டியின் அழகான பகுதி. ஸ்பெயினின் அட்மிரல் மோன்டோஹோ நகரத்துப் பீரங்கிகளின் நிழலில் நிற்காமல், காவிட்டே பக்கம் ஆழமில்லாத நீரில் போய் நின்றார். நகரம் அடிபடக் கூடாது, கப்பல் மூழ்கினாலும் ஆட்கள் பிழைக்க வேண்டும். விளையாட்டில் ‘ஆழமில்லா நீர்’ கட்டத்தில் மூழ்கும் ஸ்பானியச் சில்லுக்கு ஒரு புள்ளி திரும்பக் கிடைக்கிறது. அவருடைய ‘காஸ்டில்லா’ மரக்கப்பல். ‘தீ’ டோக்கன் விழுந்தால் அணைக்க வழி இல்லை. தாக்க இரண்டு டைஸில் 11 அல்லது 12 வேண்டும். இவ்வளவு கடினமா என்று கேட்காதீர்கள். மே 1 அன்று அமெரிக்கர் சுட்டதில் நூற்றுக்கு இரண்டரை குண்டுதான் பட்டது. சந்தியாகோவில் ஒன்றரைகூட இல்லை. அதிலேயே எதிரிக் கப்பற்படை முழுக்க அழிந்தது என்றால் எதிரியின் நிலை எப்படி இருந்திருக்கும்!

இரண்டு சுற்றுச் சுட்ட பிறகு அமெரிக்கர் ‘15’ என்ற சீட்டை எடுக்க வேண்டும். எடுத்ததும் ஒரு சுற்று விலகி நிற்க வேண்டும். புதியவர்களுக்கு இது அநியாயமாகத் தெரியும். காலை 7:35க்கு டியூயி உண்மையிலேயே விலகினார்: 5 அங்குலப் பீரங்கி ஒவ்வொன்றுக்கும் 15 குண்டுதான் மிச்சம் என்று தகவல் வந்தது. பிறகு பார்த்தால், சுட்டு முடித்ததே 15 குண்டுதான். ஆட்களுக்குக் காலைச் சாப்பாடு போட்டுவிட்டுத் திரும்ப வந்து முடித்தார்கள். சாப்பாட்டுக்காகவே நிறுத்தினார் என்று ஊரில் கதையாகிவிட்டது.

சந்தியாகோக் கடற்போருக்கு ஒரு சின்ன உள்மேப். சின்னது என்றால் ரொம்பவே சின்னது: துறைமுக வாய்க் கட்டம் 18 மி.மீ., சில்லு 15 மி.மீ. இரண்டு சில்லு வைத்தால் விரல் நுழையாது. ஆவென்யூ ரோட்டில் எந்தக் கடையிலும் அந்தப் பகுதியை மட்டும் இரண்டு மடங்காக்கிக் கலர் ஜெராக்ஸ் எடுத்து, 2 மி.மீ. அட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். விதி நன்றாக இருக்கிறது. வாய் குறுகல் என்பதால் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வெளியே வரலாம். வெளியே வருவது ஒவ்வொன்றாக எல்லா அமெரிக்கக் கப்பலின் குண்டையும் வாங்கும். வாயை அடைக்க ‘மெர்ரிமாக்’ என்ற பழைய கரிக்கப்பலை மூழ்கடிக்க ஒரு முயற்சி உண்டு, 6 விழ வேண்டும். ஜூன் 3இல் செய்த உண்மை முயற்சியும் பலிக்கவில்லை; சுக்கான் அடிபட்டுக் குறுக்கே திரும்பாமலேயே மூழ்கியது. ஜூலை 3 காலை செர்வெரா வெளியே வந்தபோது ‘மாசசூசெட்ஸ்’ அங்கே இல்லை, குவாண்டனாமோவில் கரி ஏற்றிக்கொண்டிருந்தது. விளையாட்டிலும் அமெரிக்கருக்குச் சுற்றுக்கு ஒரு பெரிய கப்பலையாவது கரிக்கு அனுப்பக் கட்டாயம். எந்தச் சுற்றில் எதை அனுப்புகிறார் என்று பார்த்துத்தான் ஸ்பெயின்காரர் வெளியே வர வேண்டும். ‘கொலோன்’ மட்டும் முன்னால் ஓடிவிட்டது. நல்ல கரி தீர்ந்து சந்தியாகோவில் ஏற்றிய மட்டக் கரியைப் போட்டதும் வேகம் விழுந்தது, ‘ஓரிகன்’ எட்டிப்பிடித்தது. இதற்கும் கட்டையில் கோடு போட்ட மூன்று ‘மட்டக் கரி’ கொடுத்திருக்கிறார்கள். கறுப்பில் கறுப்புக் கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரிகிறது. வெள்ளைப் பெயின்டால் ஒரு புள்ளி வையுங்கள்.

தரைச் சண்டை பரவாயில்லை ரகம். அமெரிக்கப் படை கிளம்பிய ஃபுளோரிடாவின் டாம்பாவில் துறைமுகத்துக்கு ஒற்றை ரயில் பாதை, சரக்குச் சீட்டு இல்லாத வேகன்கள், எதில் என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்க வேண்டிய நிலை. 17,000 பேர் வரை கப்பலேறினார்கள், குதிரைப்படை பெரும்பாலும் குதிரை இல்லாமல். விளையாட்டில் இதெல்லாம் ஒரே டைஸ். ஜூலை 1இல் சந்தியாகோ பக்கத்து எல் கானே கிராமத்தில் 500 சொச்சம் ஸ்பானியர் 6,000க்கு மேற்பட்ட அமெரிக்கரைக் காலையிலிருந்து மாலை வரை நிறுத்தி வைத்தார்கள். புகையில்லாத மருந்து போட்ட மௌசர் துப்பாக்கி கையில். எதிரே அமெரிக்கத் தொண்டர் படையின் கறுப்பு மருந்துத் துப்பாக்கி, சுட்டதும் மேலே புகை கிளம்பி ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்லும். இந்த வேறுபாட்டுக்குச் சில்லில் ஒரு புகைக் குறி, போதும்.

காய்ச்சல் டைஸ் பற்றி விதிப்புத்தகம் குழப்புகிறது. உருட்டுவது புதுப்படை வருவதற்கு முன்பா பின்பா என்று 19ஆம் பக்கம் ஒன்று சொல்கிறது, 22ஆம் பக்கம் இன்னொன்று. முன்பு உருட்டுங்கள், இல்லையென்றால் இறங்கிய அன்றே படை சாகும். அதைவிடப் பெரிய குறை, கியூபாவில் இறங்கியவர்களுக்கு மட்டும் காய்ச்சல். இந்தப் போரில் சண்டையில் செத்த அமெரிக்கர் 400க்கும் குறைவு. நோயில் செத்தவர்கள் 2,000க்கு மேல், அதில் பெரும்பாலோர் கப்பலே ஏறாமல் சொந்த நாட்டு முகாம்களில் டைஃபாய்டில் போனவர்கள். கக்கூஸ் குழியும் சமையலறையும் பக்கத்துப் பக்கத்தில், இடையில் ஈ. பின்னால் அமெரிக்க ராணுவ டாக்டர் வால்டர் ரீட் குழு கண்டுபிடித்துச் சொன்னது அதைத்தான். 1898 என்றால் பெங்களூருக்கும் பிளேக் ஆண்டு; இந்த ஊரின் பிளேக் அம்மன் கோயில்களைத் தாண்டிப் போகிறவர்களுக்கு முகாமில் நோய் எப்படிப் பரவும் என்று விதிப்புத்தகம் சொல்லித்தர வேண்டாம். கப்பலேறாத ஒவ்வொரு தொண்டர் அடுக்குக்கும் சுற்றுக்கு ஒரு டைஸ், 1 விழுந்தால் ஒரு படி குறையும் என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்கர் அவசரப்படத் தொடங்குவார், ஆட்டம் விறுவிறுப்பாகும்.

பசிபிக்கில் ஸ்பெயின் வைத்திருந்த குவாம் தீவுக்கு ஒரே சீட்டு. அமெரிக்கர் அதை எடுத்தால் தீவு கைக்கு வந்துவிடும், உருட்டல் இல்லை. ஜூன் 20இல் ‘சார்ல்ஸ்டன்’ சுட்ட குண்டுகளை மரியாதை வேட்டு என்று எண்ணி, பதில் வேட்டுப் போட மருந்து இல்லை, மன்னிக்க வேண்டும் என்று சொல்ல ஸ்பானிய அதிகாரிகள் படகேறி வந்தார்கள். போர் தொடங்கியதே அவர்களுக்குத் தெரியாது. இந்த இடத்தில் டைஸ் எதற்கு?

கேபிள் விதி கூர்மையானது. மணிலாவிலிருந்து ஹாங்காங் போகும் தந்திக் கம்பியை அமெரிக்கர் வெட்டலாம். வெட்டினால் ஸ்பெயின் அந்த மேப்பில் சீட்டு எடுக்க முடியாது. ஆனால் அமெரிக்கருக்கும் வாஷிங்டன் உத்தரவு ஒரு சுற்றுத் தாமதமாகத்தான் வரும். “அண்ணா, கேபிளை இப்பவே வெட்டிடாதீங்க, எட்டாம் சுத்துல அழுவீங்க” என்று மேசையில் எச்சரிக்கை வந்தும் கேட்காமல் வெட்டியவர்கள் உண்டு. டியூயியும் மே 2இல் வெட்டினார். ஆகஸ்ட் 12இல் வாஷிங்டனில் சண்டை நிறுத்தக் கையெழுத்து. சில மணி நேரம் கழித்து, செய்தி எட்டாத மணிலாவில், முன்கூட்டியே பேசிவைத்த ஒரு பொய்ச் சண்டை நடத்தி நகரத்தைப் பிடித்தார்கள். பேச்சை நடத்தி வைத்தவர் பெல்ஜியத் தூதர். பொய்ச் சண்டை எதற்கு? நகரத்தைச் சுற்றி வளைத்து நின்ற பிலிப்பினோப் படையை உள்ளே விடாமல் இருக்க. ஸ்பானியருக்கு மானம் தப்ப வேண்டும், அமெரிக்கருக்கு நகரம் வேண்டும்.

இந்தப் பிலிப்பினோப் படை விளையாட்டில் எங்கே? மேப்பில் பச்சை நிறத்தில், காடு, சதுப்பு நிலத்தோடு சேர்த்து ‘நிலத்தன்மை’ பட்டியலில். பச்சைக் கட்டத்தில் ஸ்பானியர் நகர இரண்டு புள்ளி, அவ்வளவுதான். கியூபாக் கிளர்ச்சிக்காரருக்கும் இதே கதி. நாங்கள் மூன்று நட்சத்திரம் கொடுத்து நிறுத்துவது இதனால்தான். மூன்றாண்டாக ஸ்பானியப் பட்டாளத்தைக் கியூபாவில் கட்டிப்போட்டவர்கள் கிளர்ச்சிக்காரர்கள். சந்தியாகோவில் அமெரிக்கர் இறங்கக் கரையைக் காத்துக் கொடுத்தவர்கள் கலிக்ஸ்டோ கார்சியாவின் ஆட்கள். சரணடைந்த நகரத்துக்குள் அவர்களையே விடவில்லை. பிலிப்பினோத் தலைவர் அகினால்டோ மே 19இல் அமெரிக்கக் கப்பலிலேயே திரும்ப வந்து, ஜூன் 12இல் விடுதலை அறிவித்து, மணிலாவைச் சூழ்ந்தார். பாரிஸில் ஒப்பந்தம் பேசியபோது அவர் அனுப்பிய அகோன்சிலோவுக்கு உள்ளே நுழைய அனுமதி இல்லை. அந்த மேசையில் இல்லாதவர்கள் இந்த மேசையிலும் இல்லை.

திருத்தம் சொல்கிறோம், பெட்டியில் உள்ளதை வைத்தே செய்யலாம். அச்சடிக்காத வெற்றுச் சில்லு 12 கூடுதலாக வருகிறது. ஐந்தைக் கியூபாவுக்கு, மீதி ஏழு சில்லை மணிலா இருக்கும் லூசோன் தீவுக்கு ஒதுக்கி மூன்றாம் ஆளிடம் கொடுங்கள். கியூபாச் சில்லு முதல் சுற்றிலிருந்தே மேப்பில்; அதை ஒட்டி நிற்கும் அமெரிக்கப் படைக்குத் தரையிறங்கும் உருட்டலில் கூடுதல் ஒன்று. லூசோன் சில்லு மூன்றாம் சுற்றிலிருந்து சுற்றுக்கு ஒன்று. நான்கு சில்லு மணிலாவைத் தொட்டால் ஸ்பானியர் சுற்றுக்கு ஒரு உணவு இழப்பார். எட்டாம் சுற்றில் அமெரிக்கர் நகரத்தைத் தனியாகப் பிடிக்கலாம், அல்லது பச்சைக்காரரோடு பங்கிடலாம். தனியாகப் பிடித்தால் மூன்று வெற்றிப் புள்ளி. அதோடு ஆட்டத்தை முடிக்காமல் பாரிஸ் சுற்று ஒன்று சேருங்கள்.

பாரிஸ் சுற்றில்தான் போரின் பலன் தெரியும். 1898 டிசம்பர் 10 ஒப்பந்தத்தில் போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் அமெரிக்காவுக்கு. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர். கியூபாவை எடுத்துக்கொள்ள மாட்டோம் என்று காங்கிரஸ் ஏப்ரலிலேயே தீர்மானம் போட்டிருந்தது. பிலிப்பைன்ஸ் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும்: 57–27. 84 பேர் வாக்களித்ததில் 56 போதும். ஒரே ஒரு வாக்கு மிச்சம். வாக்கெடுப்பு 1899 பிப்ரவரி 6. அதற்கு இரண்டு நாள் முன் மணிலாப் புறநகரில் அமெரிக்கருக்கும் பிலிப்பினோவுக்கும் துப்பாக்கிச் சண்டை தொடங்கிவிட்டது. ஆகவே உருட்டுவதற்கு முன் மேப்பில் உயிரோடிருக்கும் லூசோன் சில்லை எண்ணி, ஒன்றுக்கு ஒன்றரைப் புள்ளி அமெரிக்கரிடமிருந்து கழியுங்கள். 1902 வரை நடந்த அந்தப் போரில் நோயையும் சேர்த்து 4,200 அமெரிக்கர் செத்தார்கள்; பிலிப்பினோத் தரப்பில் எத்தனையோ மடங்கு. ஆறில் கடைசி இரண்டு ஆட்டம் இப்படி ஆடியவை. ஒன்று டிரா ஆனது அதனால்தான். இன்னொன்றில் அமெரிக்கர் அரைப் புள்ளியில் தப்பினார்.

இப்போதிருக்கும் விதிப்புத்தகத்தில் பின்கதை அரைப் பக்கம்: ஸ்பெயின் வீழ்ந்தது, அமெரிக்கா எழுந்தது. கியூபாவுக்கு 1902இல் சுதந்திரம் கொடுத்தபோதே அமெரிக்கா தலையிடலாம் என்னும் பிளாட் திருத்தக் கயிற்றையும் கழுத்தில் கட்டியதும், 1903இல் குவாண்டனாமோவை ஆண்டுக்கு 2,000 தங்க டாலர் வாடகைக்கு எடுத்ததும் இல்லை. போருக்குச் சில மாதம் முன்புதான் தன்னாட்சி வாங்கியிருந்த போர்ட்டோ ரிக்கோ அதையும் இழந்தது இல்லை. ஹவாயை ஜூலை 7இல், போர் நடக்கும்போதே, இணைத்துக்கொண்டது இல்லை. மிஞ்சிய கரோலின் தீவுகளை ஸ்பெயின் 1899இல் ஜெர்மனிக்கு 2.5 கோடி பெஸெட்டாவுக்கு விற்றுவிட்டு வீட்டுக்குப் போனதும் இல்லை. இன்னொன்றும் சேர்க்கலாம், தமிழ்ப் பதிப்பு என்பதால் கேட்கிறோம்: 1762இல் மெட்ராஸிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் படை மணிலாவைப் பிடித்து 1764 வரை வைத்திருந்தது. அதில் போன சிப்பாய்கள் சிலர் திரும்பாமல் மணிலா பக்கத்துக் காயின்டா ஊரில் தங்கிவிட்டார்கள். மேப்பில் காயின்டாவுக்கு ஒரு புள்ளியாவது வையுங்கள்.

தமிழ் மொழிபெயர்ப்பு பெரும்பாலும் சுகம். ‘கொடிக்கப்பல்’, ‘கரிக்கப்பல்’, ‘முற்றுகை’ எல்லாம் வாயில் நன்றாக விழுகின்றன. சந்தியாகோ என்று எழுதியது ரசனை. இராமநாதபுரக் கடற்கரையில் சந்தியாகப்பர் என்று கும்பிடும் அதே பெயர்தான். ‘நடுநிலை நாடு’ என்று வர வேண்டிய இடத்தில் ‘அணிசேரா நாடு’ என்று போட்டிருப்பது தவறு. 1898இல் பிரிட்டன் அணிசேரா நாடா! ‘கம்பிவடம்’ என்ற சொல்லை யாரும் மேசையில் சொல்லவில்லை, எல்லாரும் கேபிள் என்றே சொன்னார்கள்.

விலை 2,400 ரூபாய். சீட்டு 63 × 88 மி.மீ., எந்தக் கடையிலும் உறை கிடைக்கும். சில்லு அட்டையில் டை கட்டிங் ஒன்றரை மில்லிமீட்டர் இடப்பக்கம் தள்ளியிருக்கிறது. கையால் பிய்க்காமல் பிளேடால் மூலையை வெட்டி எடுங்கள், இல்லையென்றால் கப்பல் பெயரின் முதல் எழுத்து கிழிந்து வரும். ஜூன், ஜூலை ஈரத்தில் மேப் மேல்நோக்கி வளைகிறது. நான்கு தடிப் புத்தகம் அடுக்கி ஓரிரவு வையுங்கள், பெட்டிக்குள் இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். முதல் ஆட்டத்துக்கு ஐந்து மணி நேரம், பழகிய பிறகு மூன்றரை. கஃபேயில் மணிக்கணக்கில் மேசை வாடகை என்பதால் முன்கதைச் சுற்றை வீட்டிலேயே ஆடி, கோபப் புள்ளியைக் குறித்துக்கொண்டு போவது மிச்சம். காய்ச்சல் டைஸும் மற்ற ஐந்தும் ஒரே வெள்ளை. அதில் மட்டும் மஞ்சள் நெயில் பாலிஷ் ஒரு பொட்டு வைத்துவிடுங்கள்.